இரண்டில் ஒன்று

அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் ஒன்றரை வருடமாக இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுபோயிருந்தது. கேட்டால், “சங்கத்துல பதினாறு வீடு, பதினேழு கருத்து. இவங்க ஒத்துப்போறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்” என்பார்.

நான்காம் மாடியில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: “நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய இழுத்துவிடறது என் பொழப்பு. நானே போய் மாட்டிக்கணுமா?”

அந்த வீட்டுக்குத்தான் தங்கை இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. புருஷன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வரும் வியாதி. ஐந்து வருடம் பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். அதற்காக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டாள். அவர் போன பிறகு அவள் கைக்கும் வேலையில்லை, காலுக்கும் போக இடமில்லை. சமைப்பாள், துவைப்பாள், மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். வெளியே பார்க்கவும் மாட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் வண்டிச் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“குட்டி, கிளம்பு. ஒருத்தனைப் பார்க்கப் போறோம்.”

“மாப்பிள்ளை கீப்பிள்ளைன்னு ஏதாவது இருந்துச்சு, கரண்டி பறக்கும்.”

“மாப்பிள்ளைதான். நாலு கால்.”

ஊருக்கு வெளியே, பழைய கிடங்கு ஒன்றில் கைவிடப்பட்ட பிராணிகளுக்கான காப்பகம் இருந்தது. உள்ளே நுழையும்போதே பினாயில் வாசனையும் நனைந்த சிமெண்ட் வாசனையும் வந்தன. அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஒல்லியான ஒரு மனிதர். இடுப்பில் எந்நேரமும் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். ஆள் வருவதற்கு முன் சத்தம் வரும். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருமே அவரைச் சாவிக்கொத்து என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

சாவிக்கொத்து அவர்களைக் கூண்டுகள் இருக்கும் பக்கம் அழைத்துப்போகவில்லை. முன்னறையிலேயே உட்கார வைத்துவிட்டு, ஒரு பழுப்பு நாயைக் கயிற்றில் பிடித்துக் கொண்டுவந்தார். ஐந்து வயது இருக்கும். ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது.

“சுக்குன்னு பேரு. தங்கமான பையன். கடிக்க மாட்டான், கத்த மாட்டான், செருப்பைத் தொட மாட்டான்.”

“அப்புறம் ஏன் யாரும் கூட்டிட்டுப் போகல?” என்றார் அண்ணன்.

சாவிக்கொத்து கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “நேரம் வரணும்ல சார்.”

நாய் வாலைக்கூட ஆட்டவில்லை. நேராக வந்து தங்கையின் காலருகே உட்கார்ந்தது. அவள் கை தானாகவே இறங்கி அதன் தலையில் பட்டது. அப்போது உள்ளேயிருந்து ஒரு குரைப்பு வந்தது. கரகரத்த, வயதான குரல். ஒரே ஒரு தடவை. சுக்கு சட்டென்று எழுந்து உள்கதவைப் பார்த்தது.

“உள்ள யாரு?” என்றாள் அவள்.

“அறுபது நாய் இருக்கும்மா. ஒண்ணு மாத்தி ஒண்ணு கத்திக்கிட்டேதான் இருக்கும்.” சாவிக்கொத்து குரலை உயர்த்திப் பேசினார். படிவத்தை நீட்டினார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். வண்டியில் ஏற்றும்போது சுக்கு நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. அண்ணன் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினார்கள். சுக்கு முன்னால் போனது. நான்கு படி ஏறியதும் நின்று, தலையைத் தாழ்த்தித் திரும்பிக் கீழே பார்த்தது. அவர்கள் பக்கத்தில் வந்த பிறகு இன்னும் நான்கு படி. மறுபடியும் நின்றது.

“என்னடா, ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் டிக்கெட் எடுக்கணுமா?” என்று அண்ணன் சிரித்தார். நான்காம் மாடிக்கு வந்து சேர ஏழு நிமிடம் ஆயிற்று.

முதல் இரண்டு நாள் தங்கைக்கு எதுவும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் குப்பை போட அதையும் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டுத் திரும்பினாள். ஐந்தாம் படியில் அவளுடைய கால் தானாக நின்றது. அது அவளுக்குப் பழக்கம். பழைய வாடகை வீட்டுக்கு இருபத்திரண்டு படி. ஐந்து படிக்கு ஒரு தடவை புருஷனுக்கு மூச்சு வாங்கும். தனக்காக ஒருத்தி காத்து நிற்கிறாள் என்று தெரிந்தால் கோபம் வரும். அதனால் காத்து நிற்பது தெரியாமல் காத்து நிற்க அவள் கற்றுக்கொண்டிருந்தாள். பையில் சாவி தேடுவாள். செருப்பு வாரைச் சரி செய்வாள். சுவரில் பல வருடமாக ஒட்டியிருந்த அதே அறிவிப்பைப் புதிதாகப் படிப்பதுபோல் படிப்பாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது மேற்படியில் சுக்கு நின்றுகொண்டிருந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு வலப்பக்கத்தில் காலியாக இருந்த படியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னாள். “அண்ணா, இது யாருக்கோ காத்து நிக்குது.”

அண்ணன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“குட்டி,” என்றார் மெதுவாக. “எல்லாத்தையும் அவரோடயே முடிச்சுப் போடாதே.”

“அதில்லண்ணா. நிஜமாவே...”

“சரி, கேட்டுடுவோம்.” உடனே காப்பகத்துக்கு ஃபோன் போட்டு அவள் கையில் கொடுத்தார். அவள் பார்த்ததைச் சொன்னாள். இதற்கு முன் இது யாரோடாவது இருந்ததா என்று கேட்டாள். மறுமுனையில் சாவிக்கொத்து இருமினார். “புது இடம்ல. பழகிடும்மா” என்றார்.

பழகிடும். எட்டு மாதமாக ஊரே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆனால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. சுக்கு நடக்கும்போது சுவரை ஒட்டியே நடந்தது, வலப்பக்கம் இன்னொரு ஆள் வரும் அளவு இடம் விட்டு. அகலமான பாயைப் போட்டாலும் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தது. தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் முதலில் குடிக்காது. எவர்சில்வர் கிண்ணத்தை மூக்கால் தள்ளும். தரையில் அது உரசிக் கிணுங்கென்று சத்தம் வரும். பிறகு ஒதுங்கி நின்று வாசல் பக்கம் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வாய் வைக்கும்.

பதினோராம் நாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. குடிக்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டையும் தொடவில்லை. மறுநாள் மத்தியானம் வரைக்கும் பார்த்தாள். பிறகு கயிற்றை எடுத்துக் கட்டினாள்.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். நடந்தே போனாள். வெயிலில் ஒன்றரை மணி நேரம். எட்டு மாதத்தில் அவள் அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. கிடங்குகள் இருக்கும் தெருவுக்குத் திரும்பியதும் சுக்கு கயிற்றை இழுக்க ஆரம்பித்தது. கடைசித் தெருவில் அவள் ஓட வேண்டியிருந்தது. திறந்திருந்த கேட்டுக்குள் அவளை இழுத்துக்கொண்டு நுழைந்து, கூண்டுகளின் நீண்ட வரிசையில் பதினொன்றாவது கூண்டின் முன்னால் போய் நின்றது.

கூண்டு காலியாக இருந்தது. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. சுக்கு கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து மோந்து பார்த்தது. பிறகு ஒரு சத்தம் போட்டது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. அந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். ஒரு காலத்தில் அவள் வாயிலிருந்தே அது வந்திருக்கிறது.

பின்னால் சாவிகள் குலுங்கி நின்றன.

“இதுல யாரு இருந்தா?” என்றாள் திரும்பாமலே.

சாவிக்கொத்து காலடியில் கிடந்த தண்ணீர்க் குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

“கேக்கறேன்ல. இதுல யாரு இருந்தா?”

“பஞ்சு,” என்றார் அவர். “வெள்ளைக் கிழவி. ரெண்டு கண்ணும் தெரியாது. பாதி கட்டி விட்டுட்டுப் போன கட்டடத்துல ரெண்டு பேரையும் பிடிச்சோம். இவன்தான் அவளுக்குக் கண்ணு. இவன் நடந்தா அவ இவன் விலாவை ஒட்டிக்கிட்டே நடப்பா. மூணு குடும்பம் வந்துச்சும்மா. மூணு பேருக்கும் இவனைப் பிடிச்சிருந்துச்சு. கூடவே ஒரு கிழவியும் வரும்னு சொன்னேன். யோசிச்சுச் சொல்றோம்னு போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல. ரெண்டும் இங்கயே கிடந்து சாகறதுக்கு, ஒண்ணாவது பொழைக்கட்டும்னு...”

“நான் ஃபோன்ல கேட்டேனே.”

சாவிக்கொத்து தலையைக் குனிந்துகொண்டார். கை இடுப்புச் சாவிகளை இறுக்கிப் பிடித்திருந்தது, சத்தம் வராமல்.

“உசுரோட இருக்கா?”

“இருக்கா. உள்ள, நோயாளி ரூம்ல. நீங்க கூட்டிட்டுப் போன அன்னியிலேர்ந்து சாப்பிடல.”

சின்ன அறை. மேசை விளக்கு, மருந்து அலமாரி, தரையில் மடித்துப் போட்ட போர்வை. அதன்மேல் எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த டாக்டரம்மா அதன் முன்னங்காலில் நரம்பு கிடைக்காமல் ஊசியோடு திணறிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் பஞ்சு தலையைத் தூக்கியது. பாலாடை படிந்ததுபோன்ற கண்கள் எங்கோ பார்த்தன. மூக்கு மட்டும் துடித்தது.

சுக்கு ஓடவில்லை. மெதுவாகப் போய், தன் விலா அதன் விலாவில் படும்படி ஒட்டிப் படுத்துக்கொண்டது. பஞ்சு அதன் கழுத்தை மோந்தது, கிழிந்த காதை மோந்தது, வாயை மோந்தது. பிறகு தலையைத் தூக்கி அதன் கழுத்தின்மேல் வைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கொடுங்க டாக்டர், நான் பார்க்கறேன்,” என்றாள் தங்கை. ஐந்து வருடத்துக்கு மேல் தொடாத வேலை. ஆனால் விரல் மறக்கவில்லை. ரோமத்தை விலக்கி, தோலை இழுத்துப் பிடித்து, முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்தாள். குழாயில் மருந்து சொட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சுக்கு எழுந்து மூலையிலிருந்த கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே போர்வை வரை கொண்டுவந்தது. பஞ்சு அந்தச் சத்தத்தின் பக்கம் தலையைத் திருப்பி, நக்கி நக்கித் தண்ணீர் குடித்தது.

“கிட்னி போயிடுச்சும்மா,” என்றார் டாக்டரம்மா. “பதினஞ்சு வயசு இருக்கும். அதிகபட்சம் ரெண்டு வாரம்.”

“பிரிக்காம இருந்திருந்தா?”

டாக்டரம்மா யோசித்தார். “வியாதி முன்னாடியே இருந்திருக்கணும். ஆனா சாப்பிடாம கிடந்தது ரொம்பக் கெடுத்துடுச்சு. ரெண்டு மாசம் இருந்திருக்கலாம். மூணு மாசம்கூட. உறுதியாச் சொல்ல முடியாது.”

வாசலில் நின்ற சாவிக்கொத்திடம் தங்கை சொன்னாள்: “அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ரெண்டையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

சொன்ன மறுகணமே அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. போயிருப்பாளா? அந்தச் சனிக்கிழமை அவளுக்கு ஒரு நாயே வேண்டியிருக்கவில்லை. குருட்டுக் கிழவி ஒன்றும் கூட வரும் என்றிருந்தால் அவளும்தான் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போயிருப்பாள். இந்த எண்ணத்தை அவள் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு வண்டியோடு வந்தார். விஷயம் முழுவதையும் நின்றபடியே கேட்டார். போர்வையில் ஒட்டிப் படுத்திருந்த இரண்டையும் பார்த்தார்.

“சங்கத்துல வீட்டுக்கு ஒரு நாய்தான்னு எழுதி வெச்சிருக்கான்,” என்றார்.

“அண்ணா.”

“எழுதியிருக்கான்னு சொன்னேன். படிச்சேன்னு சொல்லல.” குனிந்து பஞ்சுவைப் போர்வையோடு வாரி எடுத்தார்.

அன்று நான்கு மாடியும் தோளில் சுமந்துகொண்டு ஏறினார். சுக்கு வழக்கம்போல நான்கு படிக்கு ஒரு தடவை நின்று நின்று போனது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் அண்ணன் மூச்சு வாங்க நின்றார். தங்கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மூணாவது நாளே நீ சொன்னே. நான்தான் கேக்கல.”

“நானும்தான் விட்டுட்டேன்.”

ஒரு நாளைக்கு மூன்று தடவை பஞ்சுவைக் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தது. அண்ணன் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, மத்தியானம் வேலைக்கு நடுவே ஓடிவந்து ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை தூக்கிப்போனார். நான்காம் நாள் லீவு போட்டார். சங்கத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கியவர் இருட்டுவதற்கு முன் கிரீஸும் தூசியுமாக வெளியே வந்து பட்டனை அழுத்தினார். ஒன்றரை வருடமாக நின்றிருந்த லிஃப்ட் முனகிக்கொண்டு கீழே வந்தது. பதினாறு வீட்டுக்காரர்களும் படிக்கட்டில் நின்று கை தட்டினார்கள். ரெண்டு நாய் என்று புகார் எழுதி வைத்திருந்த முதல் மாடிக்காரர்கூடத் தட்டினார்.

பஞ்சுவை உள்ளே நிறுத்திப் பட்டனை அழுத்தியதும் காலுக்குக் கீழே தரை அசைந்தது. பஞ்சு நடுங்கி ஒன்றுக்குப் போய்விட்டது. சுக்கு அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கதவைப் பார்த்துக் கத்தியது. முதல் மாடியிலேயே இறக்கிவிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கட்டடத்தில் எல்லோரும் லிஃப்டில் போனார்கள். அண்ணன் மட்டும் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறினார்.

“சரி பண்ணவன் ஒருத்தனைத் தவிர எல்லாரும் ஏறியாச்சு,” என்று அவர் புலம்பியபோது, தங்கை சிரித்துவிட்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணன் கேட்ட சிரிப்பு. அவர் அதைக் கவனிக்காததுபோல மேலே ஏறிப் போனார்.

தங்கை தினமும் இரண்டு வேளை பஞ்சுவின் தோலுக்கடியில் ஊசி மூலம் நீரேற்றினாள். சோற்றைக் குழைத்து விரலில் எடுத்து ஊட்டினாள். முதல் ஐந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டது. ஆறாம் நாள் கூடத்திலிருந்து சமையலறை வரை சுக்குவின் விலாவை ஒட்டிக்கொண்டு தானாகவே நடந்தது. சுக்கு எவ்வளவு மெதுவாகப் போனது என்றால், அதன் கால் நகம் ஒவ்வொன்றும் தரையில் படும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. அன்று தங்கைக்கு ஒரு அசட்டு நம்பிக்கை வந்தது. டாக்டர்கள் சொன்னதெல்லாம் நடந்துவிடுமா என்ன என்று நினைத்தாள். இதே நினைப்பு ஒரு தடவை வந்து என்ன ஆயிற்று என்று தெரிந்தும் நினைத்தாள்.

ஏழாம் நாள் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணி. அண்ணன் வேலையில் இருந்தார். பஞ்சுவின் தலை சுக்குவின் கழுத்தின்மேல் இருந்தது. தங்கை அதன் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. எந்த இடைவெளி கடைசி என்று அவளுக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை அந்த இடத்தில் அவள் கத்தினாள், உலுக்கினாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சுக்கு ஒரு மணி நேரம் அசையவில்லை. பிறகு மெல்லத் தன் கழுத்தை உருவிக்கொண்டு எழுந்தது. பஞ்சுவின் முகத்தை மோந்தது. கிண்ணத்திடம் போனது. மூக்கால் தள்ளியது. கிணுங். திரும்பிப் பார்த்தது. மறுபடி தள்ளியது. தண்ணீர் சிந்தியது. கிண்ணம் சுவரில் போய் முட்டியது. சுவரோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டே வந்து, பஞ்சுவின் வாயருகே கொண்டுவந்து வைத்து, ஒதுங்கி நின்று பார்த்தது. பிறகு கிண்ணத்தை மூலைக்கே தள்ளிக்கொண்டு போய் அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தது.

கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைத்துவிடலாம் என்று தங்கை எழுந்தாள். எடுக்க மனம் வரவில்லை. நனைந்த தரையிலேயே உட்கார்ந்து, “போதும்டா. போதும்டா ராஜா,” என்றாள். அது கேட்கவில்லை. காலிக் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்கு அண்ணன் கதவைத் திறந்தபோது அவர் பார்த்தது அதைத்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை காப்பகத்தின் பின்பக்கத்தில் புதைத்தார்கள். குழியைச் சாவிக்கொத்துதான் வெட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. மண்ணை மூடி முடித்ததும் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார்.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா.”

“இப்ப முடியல,” என்றாள் தங்கை. “பின்னாடி முடியுமான்னு தெரியல.”

அவர் தலையாட்டினார். அது நியாயம்தான் என்பதுபோல இருந்தது.

சுக்கு பத்து நாள் அவள் கையால் ஊட்டினால்தான் சாப்பிட்டது. மாடிப்படியில் நின்று நின்று ஏறுவதையும் விடவில்லை. அண்ணனால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு உற்சாகமாக வந்தார்.

“குட்டி, காப்பகத்துல இன்னொரு குருட்டு நாய் வந்திருக்காம். கூட்டிட்டு வந்துடலாமா? இவனுக்கும் ஒரு துணை, அதுக்கும் ஒரு வழி.”

தங்கை துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “என்கிட்டயும் ஒருத்தங்க இப்படித்தான் சொன்னாங்க. அவர் போன மூணாவது மாசம். நல்ல மனுஷன், உடம்புக்கு முடியாதவர், பார்த்துக்க ஆள் இல்ல, உனக்குத்தான் பழக்கமாச்சேன்னு.”

அண்ணனின் முகம் மாறியது. “யாரு சொன்னது?”

“யாரோ. விடுண்ணா. இவன் கொஞ்ச நாள் யாரையும் பார்த்துக்காம இருக்கட்டும். மரத்தை மோந்துக்கிட்டு, பூனையைத் துரத்திக்கிட்டு.”

அண்ணன் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சுக்கு பூனையைத் துரத்தவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து, தெருமுனையில் ஒரு மரத்தடியை முழுதாக ஐந்து நிமிடம் மோந்துகொண்டு நின்றது. தங்கை அவசரப்படுத்தாமல் நின்றாள்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினாள். சாவிக்கொத்தை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கூண்டுகளில் தொங்கிய அட்டைகளையெல்லாம் கழற்றிப் புதிதாக எழுதினாள். எது கடிக்கும், எதற்கு வலிப்பு வரும், எது எதோடு சேர்ந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். நரம்பு கிடைக்காத பிராணிகளுக்கு ஊசி போட டாக்டரம்மா அவளைத்தான் கூப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு அப்பாவும் அம்மாவும் ஆறு வயதுப் பெண் குழந்தையோடு வந்தார்கள். பூனை வேண்டும் என்றார்கள். ஜன்னலோரக் கூண்டில் அக்கா தங்கையாக இரண்டு பூனைகள் இருந்தன. ஒன்றுக்கு ஒரு பின்னங்கால் இல்லை. வண்டி ஏறியதில் போனது. குழந்தை மற்றதைக் காட்டி, “இது, இது!” என்று குதித்தது.

தங்கை முட்டி போட்டுக் குழந்தையின் உயரத்துக்கு இறங்கினாள். “இது ரெண்டும் ஒண்ணாவே பொறந்ததும்மா. ஒண்ணு இல்லாம ஒண்ணு தூங்காது. கூட்டிட்டுப் போனா ரெண்டையும்தான்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மூன்று காலோடு நொண்டி வந்த பூனையைப் பார்த்தார். கெட்டவர்கள் இல்லை. கொஞ்ச நேரம் தள்ளிப்போய் நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். “சின்ன வீடுங்க,” என்றார் அப்பா திரும்பி வந்து. “யோசிச்சுச் சொல்றோம்.”

குழந்தை அழுதுகொண்டே கேட்டைத் தாண்டிப் போனது.

சாவிக்கொத்து அதுவரை வாளியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணில் குத்திக்காட்டல் எதுவும் இல்லை. “நாலு மாசமாச்சும்மா, இதுங்க ரெண்டும் வந்து,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கூண்டைக் கழுவப் போனார்.

தான் செய்தது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்ல காலோடு இருந்த அந்தப் பூனை இந்நேரம் ஒரு குழந்தையின் மடியில் இருந்திருக்கும். அவள் கூண்டைத் திறந்து பழைய துணியை எடுத்துவிட்டுப் புதியதை விரித்தாள். இரண்டும் அவளைச் சட்டைசெய்யாமல், ஒன்றின்மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோதும் இரண்டும் அங்கேயேதான் இருந்தன.